காருக்கும் எவர்ஸில்வர்!

எவர்ஸில்வர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? டவரா, டம்ளர், குடம், அடுக்கு. பழைய பட்டுப் புடவையைப் போட்டுவிட்டு, பாத்திரக்காரரிடம் அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கிய தூக்குப் போசி. எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன தை மாதம் வரையில். இப்பொழுது யாராவது எவர்ஸில்வர் என்றால், எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கால்கள்தாம் என் கண் முன் வந்து நிற்கின்றன. ஒரு ஜோடி என் வீட்டுக்காரருடையது. மற்றொரு ஜோடி என் மகளுடையது. தலைகளைக் காணோம். அவை காருக்கு அடியில் இருந்தன!

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மோட்டார்ப் பைத்தியம் இருந்தால் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு. கோவைக் காற்றிலேயே அந்த வியாதி இருக்கிறது என்பது என் எண்ணம். ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. பந்தயக் கார்களை இங்கேயே கட்டி ஓட்டிய கரிவரதன், 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மற்ற வீட்டு அப்பாக்கள் பெண் குழந்தையைப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனால், எங்கள் வீட்டு அப்பா செட்டிபாளையத்துக்கு அழைத்துப் போனார். பலன், பெண் இன்று ஒரு பம்ப் கம்பெனியில் என்ஜினீயர், ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக்.

எங்கள் கார் 2005-ம் வருஷத்துக் கார். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். என்று பெயர். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதில் டர்போ என்று ஒன்று. பழைய காராகத்தான் வாங்கினோம். பதினைந்து வருஷம் முடிந்து, பதிவையும் புதுப்பித்தாயிற்று. நானும் அதை ஓட்டுவேன். விடியற்காலையில் ஆர்.எஸ். புரம் உழவர் சந்தைக்குப் போய், கீரையும் கத்தரிக்காயும் வாங்கி வருவது என் வேலை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

ஒரு நாள் மகள் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஸைலன்ஸர் ஓட்டைங்ம்மா. காரணம் நீங்கதான்!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு கல்லிலாவது இடித்திருப்பேனா? அவள் விளக்கினாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறதாம்! நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, அது ஆவியாக வெளியே போய்விடும். சந்தை வரையில் போய்த் திரும்பினால் சூடு போதாது. தண்ணீர் ஸைலன்ஸருக்குள்ளேயே தங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். ஆக, நான் வாங்கி வந்த கீரைக் கட்டுகள் ஒவ்வொன்றும் அந்த ஓட்டைக்கு ஒரு சிறு உதவி செய்திருக்கின்றன.

"சரி, அதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிடு கண்ணு" என்றேன்.

"இந்தத் தடவை எவர்ஸில்வர்ல போட்டுடலாங்ம்மா. 42,000 ரூபாய்."

அப்பொழுதுதான் எங்கள் வீட்டில் யுத்தம் ஆரம்பமாயிற்று.

* * *

நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு நான் ஒரு கல்யாண வீட்டுக்கே பாத்திரம் வாங்குவேனே! "புகை போகிற குழாய்க்கு எதற்கடி இந்த அலங்காரம்?" என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாமல், என்னை அடுப்படிக்கே அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினாள். உங்களுக்கும் உபயோகப்படும், கேளுங்கள்.

நம் பாட்டிகள் விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதுவார்கள் அல்லவா? காற்று அதிகமாகப் போனால் நெருப்பு நன்றாகப் பிடிக்கும். டர்போ என்பது எஞ்சினுக்கு ஊதாங்குழல். ஆனால் ஊதுவதற்குப் பாட்டி வேண்டாம். எஞ்சின் வெளியே விடும் சூடான புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வேகம், நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல்! ஆல்பிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். கடையில் விற்கும் கார்களில் அது வந்தது 1962-ல், அமெரிக்காவில்.

சக்கரத்தைச் சுற்றிய புகை, அப்புறம் தடையில்லாமல் வெளியேற வேண்டும். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் அடுப்பு எப்படி எரியும்? அதனால்தான் இந்த மாதிரிக் கார்களுக்கு அகலமான குழாய் நல்லது என்கிறார்கள். பழைய குழாய் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூட; புதியது இரண்டரை அங்குலம்.

"எவர்ஸில்வர் எதற்கு?" என்று நான் கேட்கவில்லை. அது எனக்கே தெரியும். துருப் பிடிக்காது. ஆனால் ஏன் பிடிக்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரும்போடு குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது சேர்ந்திருந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிவிடுகிறது. நாம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கீறினாலும், காற்றுப் பட்டதும் அந்தப் படலம் மறுபடி தானே மூடிக்கொள்கிறது. நல்ல பாத்திரத்தில் குரோமியம் 18, நிக்கல் 8. இதற்கு 304 என்று நம்பர். காரில் மலிவாகப் போடும் ரகம் 409. அதில் குரோமியம் 11 பங்குதான். மேலே பழுப்பேறும், ஆனாலும் சாதாரண இரும்பைவிட நெடுநாள் உழைக்கும்.

"வருவது 304-தானா என்று எப்படித் தெரியும்?" என்றேன்.

"காந்தம் வைத்துப் பார்க்கலாங்ம்மா. 409 ஒட்டும். 304 அநேகமாக ஒட்டாது."

பார்சல் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துப் போய், குழாய் குழாயாக வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை! வெற்றி என்று நிமிர்ந்தபோது, மகள் என் உற்சாகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 200 வரிசை என்று ஒரு ரகம் உண்டாம். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் துருவைத் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே காந்தம் பாதிச் சாட்சிதான். மீதிக்கு நம்பிக்கையான கடையும், பில்லில் எழுதிய நம்பரும் வேண்டும். அடுத்த தடவை பாத்திரக் கடைக்குப் போகும்போது நீங்களும் கேட்டுப் பாருங்கள்; கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

* * *

இதற்கிடையில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு புதிய யோசனையோடு வந்தார். காலையில் அவரோடு நடக்கிற நண்பர்கள் கொடுத்த யோசனை. குழாயின் முன்பகுதியில் கேடலிடிக் கன்வர்ட்டர் என்று ஒரு டப்பா இருக்கிறதாம். அதையும் கழற்றி எறிந்தால் கார் இன்னும் சீறுமாம்.

"அது எதற்கு இருக்கிறது?" என்று நான் மகளைக் கேட்டேன்.

தேன்கூடு மாதிரியான ஒரு கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்களைப் பூசியிருக்கிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவை அது மாற்றி வெளியே அனுப்புகிறது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் நாத்தனாருக்கு ஆஸ்துமா. தீபாவளிப் புகைக்கே தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடி இரவைக் கழிப்பவள்.

"ஏனுங்க, உங்க தங்கச்சி மூச்சை எடுத்துத்தான் உங்க கார் சீறணுமாக்கும்?" என்றேன்.

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகளும் அந்த டப்பாவைத் தொடுவதாக இல்லை. டப்பாவுக்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும்தான் மாற்றுவது. சட்டமும் விளையாட்டல்ல. சத்தத்துக்கும் புகைக்கும் உள்ள வரம்பை மீறினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம் போல் மாற்றவும் கூடாது. "பழைய சத்தத்துக்கு மேல் ஓர் இம்மி கூடக் கூடாது" என்று நான் நிபந்தனை போட்டேன். எதிர் வீட்டுப் பெரியவருக்கு இருதய ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது. தெருவில் யாரும் நம்மை ஒரு சொல் சொல்லக் கூடாது அல்லவா?

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் இரவே காரை நிறுத்தி ஆறவிட்டு, துருப் பிடித்த போல்ட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டாயிற்று. முன் சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை கொடுத்து, ஜாக்கியை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். தாங்கி நிற்பதற்கான இரும்பு ஸ்டாண்டுகளை எடுத்து வர மகள் பின்கட்டுக்குப் போனாள். நான் காப்பித் தட்டோடு வாசலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் பொறுமையில்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பித் தலையைக் காருக்கு அடியில் நுழைத்துவிட்டார்!

"அப்பா! வெளிய வாங்க! இப்பவே வாங்க!"

அந்தக் குரலை நான் இருபத்தொன்பது வருஷத்தில் கேட்டதில்லை. தகப்பனை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத பெண். அவர் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தார். முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு நிமிஷம் பார்க்கறதுக்கு இத்தனை சத்தமா?" என்றார். அவள் பதில் பேசவில்லை. ஸ்டாண்டுகளைக் கொடுத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்து, கூடுதல் காவலாக ஜாக்கியையும் அப்படியே முட்டுக் கொடுத்து வைத்தாள். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். பெற்ற தகப்பனை நாலு பேர் கேட்க இப்படி அதட்டலாமா?

அதன் பிறகு இருவரும் உள்ளே போனார்கள். பழைய குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களை, சோப்புத் தண்ணீர் தடவித் தடவி நழுவவிட்டார்கள். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் நீளக் குழாய், முழுசாக வெளியே வராது என்று ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்தார்கள். தரையில் விழுந்தபோது அதற்குள்ளிருந்து ஒரு கரண்டி துருவும், ஓர் ஆழாக்குத் தண்ணீரும் கொட்டின. என் கீரைத் தண்ணீர்!

டிபனுக்காக அவர்கள் வெளியே வந்தபோதுதான் மகள் சட்டென்று நின்றாள். ஒன்றும் பேசாமல் விரலால் சுட்டிக் காட்டினாள். ஜாக்கியின் தலைக்கும் காருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. யாரும் அதன் கைப்பிடியைத் தொடவில்லை. உள்ளே எண்ணெய் கசிந்து, அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. 1,300 கிலோவுக்கு மேற்பட்ட காரை அந்த ஸ்டாண்டுகள்தாம் தாங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டுக்காரர் அதையே பார்த்தபடி வெகு நேரம் நின்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தம் தட்டில் இருந்த உளுந்து வடையை எடுத்து மகள் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டில் அவர் யாருக்கும் வடையை விட்டுக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. நான் அடுப்படிக்குள் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது காருக்கு அடியில் போனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லை அடுக்கி வைப்பதும் கூடாது. அது திடீரென்று நொறுங்கும்.

* * *

புதிய குழாயை மாட்டுவது பாதி சமையல், பாதி தையல். கீலகங்களை எடுத்தவுடன் இறுக்கக் கூடாது. முதலில் எல்லாத் துண்டுகளையும் தொளதொளவென்று கோத்து, எங்கும் இடிக்காமல், பம்பரிலும் அச்சிலும் உரசாமல் சமம் பார்த்து, பிறகு முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். ரவிக்கைக்கு முதலில் நூலோட்டிவிட்டுப் பிறகு தைப்பதில்லையா, அது மாதிரி. எவர்ஸில்வர் போல்ட்டில் எவர்ஸில்வர் நட்டை வெறுமே முறுக்கினால், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பிறகு உயிர் போனாலும் வராது. அதனால் செம்புத் தூள் கலந்த ஒரு பசையைத் தடவினாள். கடைசியில், கைரேகை படிந்த இடத்தையெல்லாம் என் பழைய நூல் புடவைத் துண்டால் துடைத்தாள். துடைக்காவிட்டால் சூட்டில் அந்த ரேகை அப்படியே வெந்து நின்றுவிடுமாம்.

எஞ்சினைக் கிளப்பியதும் குழாயிலிருந்து புகை வந்தது. நான் பதறினேன். ஒட்டியிருந்த எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்தாள். நன்றாக இருந்தது.

ஆனால் சத்தம்? அதுதான் நன்றாக இல்லை! வாசலில் ஒருவாறு இருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் போனபோது, எஞ்சின் நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு வந்ததும், காதுக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்ட மாதிரி 'ஙொய்' என்று ஒரே ரீங்காரம். நான்கு ஸிலிண்டரில் அந்த வேகத்துக்கு விநாடிக்கு 83 வெடிப்புகள். அந்தத் தாளத்துக்குக் காரின் உட்புறமே மிருதங்கம் மாதிரி அதிர்கிறது. திரும்பி வருவதற்குள் எனக்குத் தலைவலி.

நான் வாய் திறக்குமுன் மகளே ஒப்புக்கொண்டாள். நடுவில் ரெஸனேட்டர் என்று ஒரு சிறு உருளை போட வேண்டும். மூவாயிரம் ரூபாய் மிச்சமாகட்டும் என்று அதை விட்டுவிட்டாள். "தப்பு என்னுதுதாங்ம்மா. காருக்கு அகலத்தைப் பார்த்தேன், காதைப் பார்க்கலை" என்றாள். வாரம் முழுக்கக் காரை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கணபதியில் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டிங் செய்து அந்த உருளையைச் சேர்த்தார்கள். வண்டு ஓடிப் போயிற்று. கைப்பேசியில் சத்தம் அளந்து பார்த்ததில், ஓட்டை ஸைலன்ஸரோடு இருந்ததைவிடக் குறைவு. புகைப் பரிசோதனையிலும் தேறிவிட்டது. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கியதோடு வேலை முடிந்தது.

* * *

ஒரு நாள் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று, தேங்காய் பர்பி செய்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு ஒரு நாள் சத்தம் ஒண்ணும் பெருசில்லீங்க, அம்மிணி" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆறு மாசமா விடியக்காலம் நாலே முக்காலுக்குச் சந்தைக்குப் போறீங்களே, அதுதானுங்க... ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி தூக்கம் வர்றதில்லை. அந்த நேரத்துக்குத்தான் கொஞ்சம் கண்ணு அசரும். இப்ப ரெண்டு நாளாத் தேவலைங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓட்டை ஒரே நாளில் விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயிற்று. எங்கள் காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. குடியிருப்புப் பகுதியில் இரவுச் சத்தத்துக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்று, மகளுக்கு நிபந்தனை போடுவதற்காக நான்தான் தேடிப் படித்து வைத்திருந்தேன். அந்தச் சட்டத்தில் இரவு என்பது காலை ஆறு மணி வரைக்கும்! புது ஸைலன்ஸர் தெருவை எழுப்பிவிடும் என்று பயந்த நான், ஆறு மாதமாக ஒரு நோயாளியை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? நீங்க எங்களுக்கும் சேர்த்துத்தானே கீரை வாங்கிட்டு வர்றீங்க" என்றார்.

இப்பொழுது நான் ஆறு மணிக்கு மேல்தான் சந்தைக்குப் போகிறேன். இளங்கீரை தீர்ந்து போய்விடுகிறது, முற்றல்தான் கிடைக்கிறது. எதிர் வீட்டுக்கு அதில் ஒரு கட்டுக் கொடுக்கிறேன். அவர் ஒரு குறையும் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை காரைப் பொள்ளாச்சி வரையில் ஓட்டி, குழாயில் தண்ணீர் தங்காமல் பார்த்துக்கொள்கிறோம். பழைய குழாயும் அந்த ஜாக்கியும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

நேற்றுக் குனிந்து பார்த்தேன். புதிய குழாய் முன்பக்கத்தில் நீலம் பாய்ந்து, அதற்கப்பால் பொன்னிறமாகியிருக்கிறது. காஸ் அடுப்பில் நெடுநாள் வைத்த என் பால் பாத்திரத்தின் அடியிலும் அதே நிறம்தான். மகளிடம் சொன்னேன். "தேய்க்காதீங்ம்மா, அது அழுக்கில்லை, வெந்த நிறம்" என்றாள். அன்று முதல் அந்தப் பாத்திரத்தை நான் தேய்ப்பதில்லை.